பேனிக் அட்டாக்கும் அன்றாடப் பதற்றமும்: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது

நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூச்சு முட்டும். கை நடுங்கி, விரல் நுனி மரத்து, ‘அவ்வளவுதான், உயிர் போகப்போகிறது’ என்றே தோன்றும். அவசரப் பிரிவுக்கு ஓடினால் ஈசிஜி சரியாக இருக்கும். ‘ஒன்றுமில்லை, டென்ஷன்தான், வீட்டுக்குப் போங்கள்’ என்பார்கள். அடுத்த முறை வந்தால் என்ன செய்வது, யாரைப் பார்ப்பது, எவ்வளவு நாளாகும் என்று பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரே கருத்தின் மேல் நிற்கின்றன. பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் பீதித் தாக்குதல், தானாக வந்து தானாக அடங்கிவிடும். அது வந்துவிடக் கூடாதே என்று நாம் செய்துவைக்கிற ஏற்பாடுகள்தான் அதை வருடக்கணக்கில் விடாமல் பிடித்துவைக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், சில படிகள் ஏன் தலைகீழாகத் தோன்றுகின்றன என்பது புரியும்.

1. உங்களுக்கு வருவது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பேனிக் அட்டாக் திடீரென்று கிளம்பி, சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். அரை மணி நேரத்துக்குள் அநேகமாக இறங்கிவிடும். களைப்பு மட்டும் சில மணி நேரம் இருக்கும். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுற்றல், குளிர் அல்லது உடல் சூடாவது, மரத்துப்போவது, சுற்றியிருப்பது நிஜமில்லாததுபோலத் தோன்றுவது, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயம் ஆகிய பதின்மூன்றில் குறைந்தது நான்கு ஒன்றாக வந்தால் மருத்துவர்கள் அதை முழு அட்டாக் என்று கணக்கிடுவார்கள்.

ஒரே ஒரு அட்டாக் வந்துவிட்டதால் அது நோயாகிவிடாது. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போது’ என்ற பயமோ, அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைப் பேனிக் நோய் என்பார்கள்.

அன்றாடப் பதற்றம் வேறு மாதிரி. உச்சம் என்று ஒன்று இருக்காது. நாள் முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பணம், பிள்ளைகள், வேலை, உடல்நலம் என்று கவலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். கழுத்தும் தோளும் இறுகும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வாசித்தது மண்டையில் ஏறாது. பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்து ஆறு மாதத்தைத் தாண்டினால் சிகிச்சை தேவைப்படும் நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். அன்றாட வேலையே கெடுகிறதென்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனாலும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். அட்டாக் வருபவர் 6, 7, 8ஆம் படிகளில் நேரம் செலவிட வேண்டும். கவலை ஓடிக்கொண்டே இருப்பவர் 9ஆம் படியில்.

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தை இன்றே நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, 10லிருந்து நடுத்தரம், 15லிருந்து கடுமை. பத்தைத் தொட்டால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. மாதம் ஒரு முறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால் அதுவே புதிய கவலையாகிவிடும்.

2. உடல் காரணம் இல்லை என்று ஒரு முறை உறுதிசெய்யுங்கள்

‘ஒரு முறை’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். பொது மருத்துவரிடம் போய் முறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கதவை மூட வேண்டும்.

வழக்கமாகப் பார்ப்பவை: ஈசிஜி, ரத்த அழுத்தம், ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தச் சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாமே பேனிக் மாதிரியே வரும். ரத்தசோகையும் அப்படித்தான். இதயத் துடிப்பு விட்டுவிட்டுத் தாறுமாறாகப் போகிறதென்றால் 24 மணி நேரம் மாட்டிப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மருத்துவர் சொல்லலாம். எல்லோருக்கும் அது தேவையில்லை.

நீங்கள் எடுக்கும் மருந்துகளையும் சொல்லுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமால், மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகள், ஸ்டீராய்டு, அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை ஆகியவை படபடப்பைக் கிளப்பக்கூடியவை. இதைக் கேட்காமலே ‘டென்ஷன்’ என்று முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கீழ்க்கண்டவை இருந்தால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்:

– நெஞ்சை அழுத்துவதுபோன்ற வலி, அது கை, தாடை, முதுகு என்று பரவுவது, நடந்தாலோ படியேறினாலோ கூடுவது
– நினைவு தப்பி விழுந்துவிடுவது
– உடலின் ஒரு பக்கம் மட்டும் பலவீனம், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது
– உதடு நீலமாவது, வீசிங் சத்தத்துடன் மூச்சுத் திணறல்
– உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

நெஞ்சு வலி முதல்முறை வரும்போது அது இதயமா பேனிக்கா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். வயது கூடியவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள் கண்டிப்பாகப் போய்விட வேண்டும்.

பணம் கரைவது இதற்குப் பிறகுதான். முடிவு சரியாக வந்ததும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ‘ஒருவேளை இவர் கவனிக்காமல் விட்டிருந்தால்’ என்று தோன்றும். இன்னொரு மருத்துவர், இன்னொரு எக்கோ, இன்னொரு ஸ்கேன். சிகிச்சைக்கு ஆகும் செலவைவிட இந்தச் சுற்றில் போகும் செலவு எளிதில் அதிகமாகிவிடும், ஆனால் பயம் அப்படியே இருக்கும். புதிய அறிகுறி வந்தாலோ மருத்துவர் சொன்னாலோ மட்டும் அடுத்த பரிசோதனை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு பக்கக் குறிப்பும் ஒரு கோப்பும்

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். நேரமும் குறைவு. அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக்கொண்டு போங்கள்: முதல் அட்டாக் எப்போது, வாரத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம், உச்சத்தில் என்ன பயம் வருகிறது, எதையெல்லாம் செய்யாமல் நிறுத்திவிட்டீர்கள், காபி, டீ, மது, புகை அளவு, தூக்கம், குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, எடுக்கும் மருந்துகளும் அளவும்.

கோப்பில் ஈசிஜி நகல், ரத்தப் பரிசோதனை முடிவு, பழைய மருந்துச் சீட்டுகள், தேதி போட்ட ஜிஏடி-7. ஈசிஜி தாள் வெப்ப அச்சு என்பதால் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள்.

இரண்டு வாரம் அட்டாக் குறிப்பேடும் எழுதுங்கள். நான்கே கட்டம்: நேரம், எங்கே, முதலில் உடலில் என்ன தோன்றியது, அதைப் பார்த்து மனம் என்ன சொன்னது. நான்காவது கட்டம்தான் சிகிச்சையாளருக்கு உயிர்நாடி. ‘நெஞ்சு அடித்தது’ என்பது பாதித் தகவல். ‘நெஞ்சு அடித்தது, ஹார்ட் அட்டாக் என்று நினைத்தேன்’ என்பதுதான் முழுத் தகவல். பயம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது.

4. அட்டாக் நடக்கும் அந்தப் பத்து நிமிடம்

உடலுக்குள் நடப்பது இது. ஏதோ ஒரு சின்ன உணர்வு, ஒரு துடிப்பு தப்பினதுபோல, லேசான தலைசுற்றல். மனம் அதை ஆபத்து என்று படிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. கூடிப்போன துடிப்பைப் பார்த்து மனம் ‘பார், நான் சொன்னேன் அல்லவா’ என்கிறது. மறுபடி அட்ரினலின்.

மூச்சு வேகமானதும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும், சிலருக்குக் கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். காற்று போதவில்லை என்று தோன்றும்; உண்மையில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும். அந்த நேரத்தில் பலரும் தருகிற அறிவுரை ‘நல்லா ஆழமா மூச்சை இழு’ என்பது. பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறைந்து எல்லாம் கூடும். மூச்சு மெதுவாக வேண்டும், பெரிதாக வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வரிசை:

முதலில் பெயர் சொல்லுங்கள். ‘இது பேனிக். ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும்.’ கடிகாரத்தை ஒரு முறை பாருங்கள். ஒரு முறை போதும்.

இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஓடினால் தப்பித்தது ஓடியதால்தான் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓரங்கட்டி நிறுத்துங்கள்; அடங்கியதும் வீட்டுக்குத் திரும்பாமல் போகவேண்டிய இடத்துக்கே போங்கள்.

தோளையும் தாடையையும் தளர்த்துங்கள். வாயை மூடி மூக்கால் நான்கு எண்ணும்வரை சாதாரண மூச்சாக உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்கு வரும். ஐந்து நிமிடம். நான்கு-ஆறு கஷ்டமாக இருந்தால் மூன்று-நான்கில் தொடங்கலாம். வெளிமூச்சு நீளமாக இருந்தால் சரி.

பிறகு உணர்வுகளோடு சண்டை போடுவதை நிறுத்துங்கள். ‘நெஞ்சு அடிக்கிறது, அடிக்கட்டும்’ என்று விட்டுவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைப் பாதி வேகத்திலாவது தொடருங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். அது உண்மையில் ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆபத்து. நாடியைப் பிடித்து எண்ணுவது, ஸ்மார்ட் வாட்சில் துடிப்பைப் பார்ப்பது, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவது எல்லாம் தீயில் எண்ணெய்.

மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் மிகப் பரவலானது. மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் குறைய வேண்டும். பேனிக்கில் அது சற்று ஏறுகிறது. அதனால் பேனிக்கில் மயங்கி விழுவது அரிது. ரத்தம், ஊசி கண்டு பயப்படுபவர்கள் மட்டும் விதிவிலக்கு: அவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறி, சட்டென்று விழும். அவர்கள் தளர்த்தக் கூடாது, இறுக்க வேண்டும்: கை, தொடை, வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, ஐந்து முறை.

தூக்கத்திலிருந்து அலறியடித்து எழுப்பும் அட்டாக்கும் உண்டு. கெட்ட கனவினால் வருவதல்ல. பெரும்பாலும் தூங்கிய முதல் சில மணி நேரத்தில், கனவில்லாத தூக்கத்தில் வரும். செய்வது அதேதான், விளக்கைப் போட்டு உட்கார்ந்து அடங்கியபின் படுங்கள். குறட்டையும் மூச்சு நின்று எழுவதும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் தூக்க மூச்சுத்தடையைப் பற்றிக் கேளுங்கள்.

5. அடங்கிய பிறகு

அன்றைய வேலைகளை ரத்து செய்யாதீர்கள். தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து, தொடருங்கள். குறிப்பேட்டில் நான்கு கட்டம் எழுதுங்கள். ‘ஏன் வந்தது’ என்று மணிக்கணக்கில் துருவ வேண்டாம். பல அட்டாக்குகளுக்குக் கண்டுபிடிக்கக்கூடிய காரணமே இருக்காது.

6. உங்கள் ‘பாதுகாப்பு’ ஏற்பாடுகளைக் கணக்கெடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். மூச்சுப் பயிற்சியும் தியானமும் மாதக்கணக்கில் செய்தும் மாற்றமில்லை என்பவர்களில் பலர் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான்.

ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லையா? பையில் மாத்திரை இருந்தால்தான் தைரியமா? கதவோரம்தான் உட்காருவீர்களா? போகுமிடத்தில் மருத்துவமனை எங்கே என்று பார்த்துவைக்கிறீர்களா? துணைக்கு ஆள் வேண்டுமா? லிஃப்டை விட்டுப் படியா? அறிகுறியை இணையத்தில் தேடுகிறீர்களா? ‘எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?’ என்று வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள்?

தவிர்ப்பதும் இந்த ஏற்பாடுகளும் கந்துவட்டிக் கடன் மாதிரி. கையில் உடனே நிம்மதி வந்துவிடும். வட்டி பின்னால் ஏறிக்கொண்டே போகும். பேருந்தில் ஏறாமல் விட்டால் இன்று நிம்மதி, அடுத்த மாதம் கடைத்தெரு, அதற்கடுத்த மாதம் வாசல்படி. பாட்டில் இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை நம்புகிறவரை, பாட்டில் இல்லாமலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். எளிதானது எதுவோ அதிலிருந்து வாரம் ஒன்று. 4ஆம் படியில் சொன்ன மூச்சுப் பயிற்சிகூட, ‘இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்’ என்ற நிலைக்குப் போனால் இந்தப் பட்டியலில்தான் சேரும். முதல் சில வாரம் ஊன்றிக்கொள்ளுங்கள், பிறகு அதுவும் இல்லாமல் அட்டாக்கை ஓடவிட்டுப் பாருங்கள்.

7. பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழையுங்கள்

பேனிக்குக்கான சிகிச்சையில் மிக வலுவான பகுதி இது. கேட்டதும் யாருக்கும் பிடிக்காததும் இதுதான். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் அப்படியே.

– நின்ற இடத்திலேயே ஓட்டம், 1 நிமிடம்: படபடப்பு
– சுழல் நாற்காலியில் சுற்றுவது, 1 நிமிடம்: தலைசுற்றல்
– வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுவது, 1 நிமிடம்: மரத்துப்போதல், நிஜமில்லாத உணர்வு
– மூக்கைப் பிடித்து மெல்லிய ஸ்ட்ராவால் மூச்சு, 2 நிமிடம்: மூச்சுத் திணறல்
– மூச்சை அடக்குவது, 30 விநாடி: நெஞ்சு இறுக்கம்

ஒவ்வொன்றையும் ஒரு முறை செய்து, வந்த உணர்வு உங்கள் அட்டாக்கை எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்வளவு பயம் என்று 10க்கு மதிப்பெண் போடுங்கள். பயம் 3க்கு மேல் வந்ததை மட்டும் எடுத்து, ஒரே அமர்வில் ஐந்தாறு முறை, பயம் 2க்கு இறங்கும்வரை. வாரத்தில் ஐந்து நாள். நடுவில் நிறுத்துவதுதான் பொதுவான தவறு. உணர்வு வந்ததும் நிறுத்தினால் பயிற்சி பாதியில் அறுந்துவிடும். வந்த பிறகும் சில விநாடி தொடருங்கள். முடிந்ததும் மூச்சுப் பயிற்சி செய்து ஆற்றாதீர்கள், தானாக அடங்கட்டும்.

8. விட்டுவிட்ட இடங்களுக்குத் திரும்பும் ஏணி

தவிர்க்கும் எட்டு முதல் பன்னிரண்டு சூழல்களை எழுதி, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள். பேருந்துக்குப் பயப்படுபவரின் ஏணி இப்படி இருக்கலாம்: நிறுத்தத்தில் நின்று மூன்று பேருந்துகளை அனுப்பிவிடுவது, கூட்டமில்லாத நேரத்தில் துணையோடு ஒரு நிறுத்தம், அதே தூரம் தனியாக, தனியாக ஐந்து நிறுத்தம், கூட்ட நேரத்தில், கூட்ட நேரத்தில் கதவிலிருந்து தள்ளி, தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல்.

தொடக்கம் 30, 40 மதிப்பெண் உள்ளதிலிருந்து. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் எழுதுங்கள்: ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன்?’ திரும்பி வந்து: ‘என்ன நடந்தது?’ இந்த இரண்டு வரி இல்லாமல் போய் வந்தால் ‘இன்று அதிர்ஷ்டம்’ என்று மனம் கணக்கை மாற்றி எழுதிவிடும்.

பயம் பாதியாகும்வரை அங்கேயே இருப்பது நல்ல அளவுகோல். முப்பது நாற்பது நிமிடம்கூட ஆகலாம். ஒரே பயணத்தில் அவ்வளவு நேரம் இல்லையென்றால் திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள். மாதம் ஒரு முறை வீரசாகசம் செய்வதைவிட வாரத்தில் நான்கைந்து சின்ன முறை மேல். நடுவில் அட்டாக் வந்தாலும் அந்த நாள் வெற்றிதான், இருந்து கடந்தால் போதும்.

9. கவலைக்கு ஒரு வேளை ஒதுக்குங்கள்

அன்றாடப் பதற்றக்காரர்களுக்கு ‘கவலைப்படாதே’ என்று சொல்வது வீண். தள்ளிப்போடச் சொன்னால் முடிகிறது. தினமும் ஒரே நேரம் (மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம்), ஒரே இடம், 20 நிமிடம். படுக்கைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம், படுக்கையறையிலும் வேண்டாம். பகலில் கவலை எழும்போது ஒரு வரி குறித்துவிட்டு ‘ஆறு மணிக்குப் பார்க்கலாம்’ என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். முதல் வாரம் நாளைக்கு முப்பது முறை திரும்ப வேண்டியிருக்கும், அதுதான் பயிற்சியே.

ஆறு மணிக்குப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் கேளுங்கள்: இது இப்போது இருக்கும் பிரச்சினையா, ‘ஒருவேளை நடந்தால்’ வகையா? இருக்கும் பிரச்சினையென்றால் அடுத்த ஒரே ஒரு செயலும் அதன் நாளும் எழுதுங்கள். ‘ஒருவேளை’ வகை என்றால் விடை தேடாதீர்கள். இருபது நிமிடம் கவலைப்பட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். பட்டியலில் பாதி ஆறு மணிக்குள் சாரமிழந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

உடல் இறுக்கத்துக்குத் தசைத் தளர்த்தல்: கை, முகம், தோள், வயிறு, கால் என்று ஒவ்வொரு தொகுதியாக 5 முதல் 7 விநாடி இறுக்கி, 20 விநாடி விடுவது. ஒரு சுற்றுக்கு 15 நிமிடம்; இரண்டு வாரம் தினமும் செய்தால்தான் கைவரும். அட்டாக்கின்போது முதல்முறை முயன்றால் வேலை செய்யாது.

10. காபி, மது, தூக்கம், நடை

காபி, டீயில் உள்ள காபீனின் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல ஆகும். பேனிக் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு காபீன்கூடத் துடிப்பைக் கூட்டலாம். சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலியும் எரிச்சலும் வரும், அதையும் பதற்றம் என்று எடுத்துக்கொள்வீர்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். எனர்ஜி டிரிங்கையும் கணக்கில் சேருங்கள். மது அன்றிரவு அமைதி தரும், மறுநாள் காலை பதற்றத்தைக் கூட்டித் திருப்பித் தரும். எழும் நேரத்தை நிலையாக வையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. உடற்பயிற்சியில் நெஞ்சு அடிப்பதே பயமாக இருந்தால் அது 7ஆம் படியும் ஆகிவிடுகிறது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

11. யாரைப் பார்ப்பது, எவ்வளவு நாள், என்ன செலவு

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுச் சிகிச்சை தருவார். கவுன்சலர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பலவகைப் பயிற்சி இருக்கும். தகுதியும் பதிவும் என்ன என்று கேட்பதில் தவறில்லை.

நீங்கள் தேட வேண்டியது சிபிடி எனப்படும் அறிதல்-நடத்தை சிகிச்சை. பேனிக்குக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம், அன்றாடப் பதற்றத்துக்கு 12 முதல் 15 வார அமர்வுகள் என்பது வழக்கமான அளவு. முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்: சிபிடி செய்வீர்களா, பயத்தை நேரில் சந்திக்கும் பயிற்சி உண்டா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு, வர முடியாவிட்டால் கட்டணம் உண்டா, வீட்டுப்பாடம் தருவீர்களா? வீட்டுப்பாடம் இல்லாத சிபிடிக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டணத்தை அமர்வுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மொத்தமும் கையில் நிற்குமா என்று பார்த்துத் தொடங்குங்கள்; நான்காவது அமர்வில் பணமில்லாமல் நிறுத்துவது, கஷ்டமான பகுதிக்கு வரும்போது நிறுத்துவதாகிவிடும். முடியாதவர்களுக்குக் குழு அமர்வும், வழிகாட்டியோடு செய்யும் சுயஉதவிப் பயிற்சியும் செலவு குறைந்த வழிகள். காப்பீடு இருந்தால் மனநலப் பிரிவு உண்டா, புறநோயாளி அமர்வு சேருமா, ரசீது எந்த வடிவில் வேண்டும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

ஆறு அமர்வு முடிந்தும் குழந்தைப் பருவத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், ஏணி ஒன்றும் தொடங்காவிட்டால், நேரடியாகக் கேளுங்கள். ஆளை மாற்றினாலும் தப்பில்லை.

12. மாத்திரை பற்றி

முதலில் தருவது பெரும்பாலும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. பேனிக் உள்ளவர்களுக்கு வழக்கமானதில் பாதி அளவில் தொடங்குவார்கள். ஏனென்றால் முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம். ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று பலர் விட்டுவிடுவது சரியாக இந்த இரண்டு வாரத்தில்தான். குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். பாலுறவு தொடர்பான பக்கவிளைவு நீடிக்கலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள், மாற்று உண்டு. பலன் தெரிய 2 முதல் 6 வாரம், முழுப் பலனுக்கு 12 வாரம்வரை. இளவயதினருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும்.

நன்றாக ஆனதும் நிறுத்திவிடக் கூடாது. குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் தட்டியதுபோன்ற உணர்வு, பதற்றம் வரும்.

அல்பிரசோலாம், குளோனசிபாம், லோரசிபாம் வேறு வகை. அரை மணி ஒரு மணி நேரத்தில் அமைதி தரும். அதுவே பிரச்சினை. சில வாரத்திலேயே உடல் பழகிவிடும், அளவு கூடும், நிறுத்தினால் முன்பைவிடப் பதற்றம் அதிகமாகும். அதிலும் உச்சத்துக்குப் பிறகுதான் மாத்திரை வேலைசெய்யத் தொடங்கும், அதற்குள் அட்டாக் தானாகவே இறங்கியிருக்கும், பெயர் மட்டும் மாத்திரைக்கு. கொடுத்தால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தைத் தாண்டினால் காரணம் கேளுங்கள். மதுவோடு சேர்க்கவே கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக இருந்த, இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

13. காலக் கணக்கு

முதல் இரண்டு வாரம்: பரிசோதனை, குறிப்பேடு, மூச்சுப் பழக்கம். மூன்று முதல் ஆறாம் வாரம்: 6, 7ஆம் படிகள், இந்தக் கட்டத்தில் பதற்றம் சற்றுக் கூடுவது இயல்பு, பலர் இங்கே பயந்து நிறுத்துகிறார்கள். ஏழு முதல் பன்னிரண்டு: ஏணி. முன்னேற்றத்தை அட்டாக் எண்ணிக்கையில் அளக்காதீர்கள். எத்தனை இடங்களுக்குத் தனியாகப் போய்வந்தீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை அதற்குப் பின்னால்தான் குறையும்.

மாதக்கணக்கில் இல்லாமல் இருந்துவிட்டுக் காய்ச்சல், தூக்கமின்மை, வேலை நெருக்கடி நேரத்தில் ஒன்று திரும்ப வரலாம். ஏணியின் நடுப்படி ஒன்றை அந்த வாரத்திலேயே செய்யுங்கள். மூன்று வாரம் தள்ளிப்போட்டால் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

14. கூட இருப்பவர்களுக்கு

குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகப் பேசுங்கள். ‘இது பேனிக், நான் பக்கத்திலே இருக்கேன், இறங்கிடும்’ போதும். ‘சும்மா கற்பனை பண்ணாதே’ வேண்டாம். சுற்றிக் கூட்டம் சேர்ப்பது, விசிறுவது, உடனே வீட்டுக்கு இழுத்துப்போவதும் வேண்டாம். ‘எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?’ என்று கேட்டால் ஒரு முறை பதில் சொல்லுங்கள். மறுபடி கேட்கும்போது, ‘இதுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிட்டேன், நாம பேசி வெச்ச மாதிரி இப்போ பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்வதற்கு இருவரும் முன்கூட்டியே, நிதானமான ஒரு நாளில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் அட்டாக்கின் நடுவில் முதல்முறையாகப் பதில் மறுத்தால் சண்டைதான் வரும்.